அதிவேக நீச்சலுடை: எல்லோரும் அணிந்தால் நியாயமாகிவிடுமா?

2025 ஏப்ரல் 14 – வாசகர் ஒருவரின் கேள்வி

ஸ்டாக்ஹோமில் லூகாஸ் மெர்டென்ஸ் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 3 நிமிடம் 39.96 வினாடியில் நீந்தி, பால் பீடர்மானின் 2009ஆம் ஆண்டு உலக சாதனையை முறியடித்த செய்தியைப் படித்தேன். பழைய சாதனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அது அந்த உடைக் காலத்துச் சாதனை" என்று குறைத்தே சொல்கிறார்கள். 2008, 2009இல் பரவி, 2010 முதல் தடை செய்யப்பட்ட நீர்புகாத நீச்சலுடைகளைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். அப்போது எல்லோரும் அதே உடையைத்தானே அணிந்திருந்தார்கள்? எல்லோருக்கும் கிடைத்த ஒன்றில் அநீதி எங்கிருந்து வந்தது? தடை செய்தது சரியென்றால் அந்தச் சாதனைகளை ஏன் அழிக்கவில்லை?

2025 ஏப்ரல் 14 – இரவு

முதலில் ஒரு தகவலைச் சரிசெய்ய வேண்டும். 2009 ரோம் உலகப் போட்டியில் எல்லோரும் ஒரே உடையில் நீந்தவில்லை. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் பீடர்மான் அரீனா நிறுவனத்தின் எக்ஸ்-கிளைடை அணிந்திருந்தார். அது முழுக்க, ரப்பர் போன்ற நீர்புகாப் பொருளான பாலியூரித்தேனால் ஆனது. மைக்கேல் ஃபெல்ப்ஸ் அணிந்திருந்தது ஸ்பீடோவின் எல்.இசட்.ஆர். ரேசர், அதில் சில பகுதிகளில் மட்டுமே பாலியூரித்தேன் பட்டைகள் இருந்தன, எஞ்சியது துணி. முந்தைய ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகின் கடைசிச் சொல்லாக இருந்த உடை, ஓராண்டுக்குள் ரோமில் பழைய உடையாகிவிட்டது. பீடர்மான் 1 நிமிடம் 42.00 வினாடி, ஃபெல்ப்ஸ் 1 நிமிடம் 43.22 வினாடி.

பெய்ஜிங்கிற்குப் பிறகு ஃபெல்ப்ஸ் நீண்ட ஓய்வு எடுத்துத் திரும்பியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் பீடர்மான் தொட்ட நேரம் ஃபெல்ப்ஸ் தம் உச்சத்தில், பெய்ஜிங்கில் தொட்ட 1 நிமிடம் 42.96 வினாடியைவிடவும் ஏறத்தாழ ஒரு வினாடி குறைவு. உடை உதவியது என்று பீடர்மானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்த உடைகள் நீங்கும்வரை ஃபெல்ப்ஸைச் சர்வதேசப் போட்டிகளுக்கு அனுப்பமாட்டேன் என்று பயிற்சியாளர் பாப் போமன் எச்சரித்ததும் அந்தப் பந்தயத்துக்குப் பிறகுதான்.

இருந்தாலும், எல்லோருக்கும் ஒரே உடை கிடைத்திருந்தாலும்கூட என் எதிர்ப்பு நின்றிருக்கும். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 15

நீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடுவதால், உலகத்தரத்தில் ஒரு நீச்சல் வீரர் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி நீரைத் தள்ளுவதிலும் அலை எழுப்புவதிலும் கரைந்துபோகிறது. எனவே கையை வலுவாக வீசுவதைவிட, உடலை எவ்வளவு குறுகலாகவும் கிடைமட்டமாகவும் வைத்திருக்கிறோம் என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. இங்கே ஓர் இயற்கைச் சிக்கல் உண்டு: மிதக்கவைக்கும் காற்று நுரையீரலில், அதாவது மேலுடலில் இருக்கிறது, எடையின் மையமோ அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி இருக்கிறது. அதனால் கால்கள் தாழப் பார்க்கின்றன. கால் தாழ்ந்தால் உடல் சாய்கிறது, சாய்ந்த உடல் நீரின் முன் அகன்ற பரப்பைக் காட்டுகிறது. வயிற்றுத் தசைகளாலும் ஓயாத உதைப்பாலும் அந்தச் சாய்வைத் தடுக்கப் பழகுவதற்கே பல்லாண்டுப் பயிற்சி தேவைப்படுகிறது.

பாலியூரித்தேன் உடை இந்த இடத்தில்தான் நுழைந்தது. அது நீரை உள்ளே விடாது. தோலுக்கும் உடைக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் சிக்கிக்கொள்ளும். இடுப்பும் தொடையும் சற்றே உயரும். உடலை இறுக்கிப் பிடிப்பதால் குறுக்குப் பரப்பு சுருங்கும், தசையும் தோலும் அதிர்ந்து அலைவது குறையும், களைத்த வயிறு தளர்ந்தாலும் உடலின் கிடைமட்டக் கோடு உடையாது. வழுவழுப்பான மேற்பரப்பால் வந்த பயனைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் பேசின, நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கத்தில் துணிகளைச் சோதித்த கதையும் அதற்காகவே சொல்லப்பட்டது. என் கணிப்பில் அது சிறிய பங்கு. உடல் நிலையைத் தாங்கிப் பிடித்ததே பெரிய பங்கு.

இந்த உதவி எல்லா உடலுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். இயல்பாகவே மிதந்து, மெலிந்து, கோட்டைக் கலைக்காமல் நீந்துபவருக்கு அது தருவது கொஞ்சம். கனத்த தசையும் தாழும் காலும் உள்ளவருக்கு அது தருவது அதிகம்.

2025 ஏப்ரல் 17

"இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, நீங்கள் அணிந்ததுண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அணிந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் கல்லூரி அணிக்காக 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திக்கொண்டிருந்தேன். சக வீரர் ஒருவரின் உடையை இரவல் வாங்கினேன். பாதங்களில் பிளாஸ்டிக் பைகளை மாட்டிக்கொண்டால்தான் அது கணுக்காலைத் தாண்டி வழுக்கும்; நகம் பட்டால் கிழியும் என்பதால் விரல் நுனியால் இழுக்காமல் உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து ஏற்றவேண்டும்; முதுகுப்புற ஜிப்பை மூடுவதற்கு ஒருவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் இழுக்கவேண்டும். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. ஆனால் நீரில் குதித்துச் சறுக்கியபோது வழக்கத்தைவிட நீண்ட தூரம் சென்றேன், இடுப்பு தானாகவே மேலே நின்றது.

என்னை உலுக்கியது கடைசி நீளம். நான் கால் தாழும் வகை. நான்காவது 50 மீட்டரில் என் நீச்சல் எப்போதும் உடைந்துபோகும், அதைச் சரிசெய்யவே என் பயிற்சியாளர் பல பருவங்கள் பாடுபட்டார். அன்று கைகள் முழுக்கச் சோர்ந்தபிறகும் உடல் நீரின் மேற்பரப்பிலேயே இருந்தது. நேரம் நன்றாகக் குறைந்தது. பிறகு அதே உடையை, பிறவியிலேயே மரக்கட்டைபோல மிதக்கும் நண்பர் அணிந்து நீந்தினார். அவருடைய நேரத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. சாதாரண உடையில் அவர் எனக்கு எப்போதும் முன்னால் முடிப்பவர். அன்று நான் அவரை நெருங்கிவிட்டேன். அவர் பெற்றிருந்ததும் பாதுகாத்ததும் எதுவோ, அதை ஒரு ரப்பர்த் தோல் எனக்கு அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டது.

2025 ஏப்ரல் 18

"இயன் தோர்ப் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்தாரே, 2002இல் 400 மீட்டரை 3 நிமிடம் 40.08 வினாடியில் நீந்தியதும் முழு உடையில்தானே?" என்ற கேள்வி சரியான கேள்வி. ஆம், அவரும் முழு உடைதான் அணிந்தார். ஆனால் அது துணி. நீர் ஊடுருவும். 2000க்கும் 2009க்கும் இடையே நிகழ்ந்தது உடலை எவ்வளவு மூடுவது என்ற மாற்றம் அல்ல. எதனால் மூடுவது என்ற மாற்றம். பீடர்மான் தோர்ப்பின் அந்த 400 மீட்டர் சாதனையை 3 நிமிடம் 40.07 வினாடியில், நூறில் ஒரு வினாடியில் முறியடித்தார். நீர்புகாத உடையோடு வந்தும் நூறில் ஒன்றுதான் குறைக்க முடிந்தது என்பதை நினைத்தால் தோர்ப்பின் மீது எனக்குள்ள மதிப்பு கூடுகிறது.

அப்போது ஃபினா என்று பெயர் கொண்டிருந்த சர்வதேச நீச்சல் கூட்டமைப்பின் விதியில், வேகத்துக்கோ மிதப்புக்கோ தாங்குதிறனுக்கோ உதவும் எந்தச் சாதனத்தையும் வீரர் பயன்படுத்தக்கூடாது என்று முன்பே இருந்தது. உடை ஒரு சாதனமா என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லாமல் வாசலைத் திறந்து வைத்ததுதான் அமைப்பின் தவறு. 1999இல் முழு உடைகளை அனுமதித்தபோதே பொருள் என்ன, தடிமன் எவ்வளவு என்று எழுதியிருந்தால் பத்தாண்டுக் குழப்பம் நேர்ந்திருக்காது.

2025 ஏப்ரல் 22

"எல்லோருக்கும் கிடைத்தது" என்ற வாதத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் மூன்று பேர் அதையே வெவ்வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

எல்.இசட்.ஆர். ரேசர் 2008 பிப்ரவரியில் வந்தது, ஒலிம்பிக் ஆகஸ்டில். இடைப்பட்ட மாதங்களில் பல நாட்டு அணிகள் வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தன. ஜப்பான் அணி மிசுனோ, டெசான்டே, ஆசிக்ஸ் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களின் உடைகளை அணிய வேண்டியிருந்தது. ஜூன் மாதம் நடந்த ஜப்பான் ஓப்பனில் கோசுகே கிடாஜிமா எல்.இசட்.ஆர். அணிந்து 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 2 நிமிடம் 7.51 வினாடி என்று உலக சாதனை படைத்தபிறகுதான் அங்குள்ள கூட்டமைப்பு இறங்கிவந்து, வீரர்கள் விரும்பிய உடையை அணியலாம் என்றது. "நீந்துவது நான்தான்" என்ற வாசகம் அச்சிட்ட சட்டையை அணிந்து அவர் அந்தப் போட்டிக்கு வந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உடையைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, நீந்துகிறவனைப் பாருங்கள் என்று ஒரு மாபெரும் வீரர் சட்டையில் எழுதிச் சொல்லவேண்டிய நிலை வந்தது.

இத்தாலி அணியின் பயிற்சியாளர் ஆல்பெர்த்தோ காஸ்தாஞேத்தி இதைத் தொழில்நுட்ப ஊக்கமருந்து என்றார். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. ஊக்கமருந்து உட்கொள்பவர் விதியை மீறி, ஏமாற்றுகிறார். இந்த உடையை அணிந்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

பணக்கார அணிக்கு ஓர் உடை கிழிந்தால் அடுத்தது தயாராக இருந்தது. சில முறை அணிந்தாலே இறுக்கம் போய்விடும் உடையை, ஆண்டுக்கு ஒன்று வாங்கவே திணறும் அணிகள் தகுதிச் சுற்றில் அணிவதா இறுதிக்கு வைத்திருப்பதா என்று கணக்குப் பார்த்தன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உடை அணிந்தவர்கள்கூட இருந்தார்கள்; 2009 மார்ச்சில் துபாயில் ஃபினா வகுத்த விதிகளில்தான் ஒருவர் ஓர் உடையை மட்டுமே அணியலாம் என்பது எழுதப்பட்டது.

2025 ஏப்ரல் 29

இதுவரை வந்ததில் வலுவான மறுப்பு இது: "அப்படியானால் தொடக்க மேடையையும் தடை செய்யுங்கள். பின்பக்கம் சாய்ந்த பலகை வைத்த மேடை வந்ததும் புறப்பாடு வேகமானது. அலை தணிக்கும் தடக்கயிறுகள், மூன்று மீட்டர் ஆழக் குளம், நீச்சல் கண்ணாடி எல்லாமே தொழில்நுட்பம்தான். பலகையால் கூட எல்லோருக்கும் ஒரே அளவு பயன் இல்லையே?"

இதைச் சில நாள் யோசித்தேன். குளமும் தடக்கயிறும் எளிதான பதில்: அவை பந்தயம் நடக்கும் இடத்தின் பகுதி, எட்டுத் தடங்களுக்கும் பொது, யாருடைய பெட்டியிலும் வருவதில்லை. ஆனால் சாய்வுப் பலகையைப் பற்றிய பகுதிக்கு அந்தப் பதில் போதாது. வலுவான தொடையும் விரைந்த எதிர்வினையும் உள்ளவருக்குப் பலகை அதிகம் தருகிறது என்பது உண்மை. பயன் சமமாக இல்லை என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்தால் பலகையும் வெளியேற வேண்டும், ஏன், பெரும்பாலான விதி மாற்றங்களும் வெளியேற வேண்டும்.

ஆகவே என் வாதத்தை இன்னும் கூர்மையாக்கிச் சொல்கிறேன். பலகை, வீரர் உதைத்த விசையைத்தான் திருப்பித் தருகிறது; உதைக்காதவருக்கு அது எதுவும் தராது. அது ஒரு திறமையைக் கேட்கிறது, அந்தத் திறமையைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம். பாலியூரித்தேன் உடையோ வீரர் எதையும் செய்யாதபோதும் வேலை செய்கிறது. இன்னும் சொல்லப்போனால், வீரரால் செய்ய முடியாமல் போகும் தருணத்தில்தான் அது அதிகம் வேலை செய்கிறது. 200 மீட்டரின் கடைசி 30 மீட்டர் என்பது யாருடைய உடல் கோடு முதலில் குலைகிறது என்பதற்கான தேர்வு. அந்தத் தேர்வின் விடையை உடையே எழுதிவிட்டால், எதை அளக்கப் பந்தயம் வைத்தோமோ அது அளக்கப்படாமல் போகிறது.

கண்ணாடி பற்றி: அது பார்க்க உதவுகிறது, மிதக்க உதவவில்லை. அதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

2025 மே 6

சாதனைகளை ஏன் அழிக்கவில்லை என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று நினைவூட்டியவருக்கு நன்றி.

ரோம் போட்டியின் நீச்சல் பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்பே, 2009 ஜூலை 24 அன்று, அதே நகரில் கூடிய ஃபினா பேரவை 168க்கு 6 என்ற வாக்கில் இந்த உடைகளை விலக்க முடிவெடுத்துவிட்டது. அதாவது, எட்டு நாளில் 43 உலக சாதனைகள் வீழ்ந்த அந்தப் போட்டியை நடத்தியவர்களுக்கும் நீந்தியவர்களுக்கும் இது கடைசி வாய்ப்பு என்று தெரியும். 2010 ஜனவரி 1 முதல் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை, நீர் ஊடுருவும் நெய்த துணி மட்டும், ஜிப் கூடாது, தடிமன் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, மிதப்பு விசை 0.5 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. 0.5 நியூட்டன் என்பது ஏறத்தாழ 50 கிராம் எடையைத் தாங்கும் விசை. இவ்வளவு சிறிய எண்ணை விதியில் எழுதவேண்டியிருந்தது என்பதே அந்த விசை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது.

சாதனைகளை அழிப்பது அநீதியாகியிருக்கும். நீந்தியவர்கள் அன்றைய விதிக்கு உட்பட்டே நீந்தினார்கள். பீடர்மானையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2011 ஷாங்காய் உலகப் போட்டியில், துணி உடையில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வென்றார். 200 மீட்டரில் அவருடைய நேரம் 1 நிமிடம் 44.88 வினாடி. உடையால் எழுந்த வெற்று வீரர் அல்ல அவர். உலகின் முதல் மூவருள் ஒருவர், உடை அவருக்கு ஏறத்தாழ மூன்று வினாடியைக் கூட்டிக்கொடுத்தது. இரண்டு உண்மைகளும் சேர்ந்தே நிற்கவேண்டும். உடையால் வந்த சாதனை என்று பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டுப் பிரித்தால் முதல் உண்மை அழிந்துவிடும்.

ஃபெல்ப்ஸ் அதே ரோமில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை, ஓராண்டுப் பழைய உடையில், 49.82 வினாடியில் வென்றதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு பக்கம், அழிக்காமல் விட்டதால் ஒரு தலைமுறை இளையோர் எட்ட முடியாத எண்களை நோக்கி நீந்தினார்கள். 2010 முழுவதும் 50 மீட்டர் குளத்தில் ஒரு உலக சாதனைகூட வரவில்லை. 2011 ஷாங்காயில்தான் ரயன் லாக்டி, நான்கு வகை நீச்சலும் கலந்த 200 மீட்டர் தனிநபர் மெட்லேயில் 1 நிமிடம் 54.00 வினாடி என்று கதவைத் திறந்தார். அதே போட்டியில் சுன் யாங் 1500 மீட்டரில் முறியடித்ததோ கிராண்ட் ஹாக்கெட் 2001இல் படைத்த சாதனையை; ஆண்கள் பிரிவில் அந்த உடைக் காலத்தில் அசையாமல் நின்ற ஒரே சாதனை அது.

2025 மே 9

சிறு சேர்க்கை. செசார் சியேலோ 2009இல் ரோமில் படைத்த 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் சாதனை 46.91 வினாடி. அதை 2022 ஆகஸ்டில் டேவிட் போபோவிச் 46.86 வினாடியில் முறியடித்தது அதே ரோமில், அதே ஃபோரோ இத்தாலிகோ குளத்தில். அப்போது அவருக்கு வயது 17. மெலிந்த உடல், உயர்ந்த இடுப்பு, கடைசி 25 மீட்டரில் குலையாத கோடு. உடை செய்ததை உடல் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

2025 ஆகஸ்ட் 5

சிங்கப்பூர் உலகப் போட்டி முடிந்தபின் இந்த இழையைத் திரும்பப் படித்தேன். லாக்டியின் 1 நிமிடம் 54.00 வினாடியை லியோன் மார்ஷான் 1 நிமிடம் 52.69 வினாடியாக்கிவிட்டார், துணி உடையில், ஒரே பந்தயத்தில், ஒரு வினாடிக்கு மேல். பெண்கள் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் சம்மர் மெக்கின்டாஷ் 2 நிமிடம் 1.99 வினாடி. லியு ஜிகெ 2009இல் படைத்த 2 நிமிடம் 1.81 வினாடி இன்னும் தப்பிக்கிறது, ஆனால் 0.18 வினாடி இடைவெளியில். பீடர்மானின் 200 மீட்டர், ஜாங் லின்னின் 800 மீட்டரான 7 நிமிடம் 32.12 வினாடி, ஆரன் பியர்சோலின் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கான 1 நிமிடம் 51.92 வினாடி இன்னும் நிற்கின்றன.

நிற்பவற்றைப் பாருங்கள்: பெரும்பாலும் 200 மீட்டரும் அதற்கு மேலும், சோர்வு வந்தபின் உடலைத் தூக்கிப் பிடிக்கவேண்டிய தூரங்கள். ஏப்ரலில் நான் சொன்ன கடைசி 30 மீட்டர் வாதத்தை இது உறுதிப்படுத்துகிறது என்று நினைக்கிறேன். சியேலோவின் 50 மீட்டர் சாதனையான 20.91 வினாடி இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. அங்கே இறுக்கமும் சறுக்கலும்தான் பங்காற்றியிருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 11

"இப்போதைய உடைகளும் விலை உயர்ந்தவைதானே, பிரச்சினை தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டவருக்கு: தீரவில்லை, அளவு குறைந்திருக்கிறது. இன்றைய உடைகளும் இறுக்குகின்றன, கார்பன் இழை கலந்த துணிகள் வந்துவிட்டன, தையலுக்குப் பதில் ஒட்டுப்பட்டைகள் உள்ளன. ஆனால் அனுமதிப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிறது, நீர் ஊடுருவுகிறது, மிதப்பு அளக்கப்படுகிறது.

எனக்கு இப்போது கவலை வேறு இடத்தில். நான் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். கைவீச்சே இன்னும் அமையாத பத்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் அந்த இறுக்கமான பந்தய உடையை வாங்கிவர, அதை மாட்ட முடியாமல் பிள்ளை அழுததை உடை மாற்றும் அறையில் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் நீச்சல் கூட்டமைப்பு 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தொழில்நுட்ப உடைகளை 2020 செப்டம்பர் முதல் தடை செய்தது. எல்லா நாட்டுக் கூட்டமைப்புகளும் அதைப் பின்பற்றவேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்த வயதில்தான் இடுப்பை நீர்மட்டத்தில் நிறுத்தும் தசையும் பழக்கமும் உருவாகின்றன. வளர்ந்த வீரர்கள் விதிக்கு உட்பட்ட உடையை அணியட்டும். சிறுவர் பிரிவுப் போட்டி நடத்துபவர்கள் கூட்டமைப்பின் விதிக்குக் காத்திராமல், தங்கள் அறிவிப்பிலேயே சாதாரண உடை மட்டும் என்று எழுதிவிடலாம். அதற்கு யாருடைய வாக்கும் தேவையில்லை.